சென்னியப்பனைப் பிடித்திருந்த கைகள்

சென்னியப்பனுக்கு எடை போன கதையைத் திருப்பூர்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. பனியன் கம்பெனி வாசல்ல டீ குடிக்கிறவங்களைக் கேளுங்க, பஸ் ஸ்டாண்டுல பூக் கட்டறவங்களைக் கேளுங்க, ஆளுக்கொரு விதமாச் சொல்லுவாங்க. ஆனா அத்தனை பேரும் எடை போனதுதான் கதைன்னு நெனச்சுக்கிட்டுச் சொல்லுவாங்க. அது கதையே இல்லீங்க. மனுசனுக்கு முடி போகுது, பல்லு போகுது, மானம் போகுது, அவருக்கு எடை போச்சு, அவ்வளவுதான். போனதுக்கப்புறம் அவரை யாரு புடிச்சுக்கிட்டிருந்தாங்க, எப்ப விட்டாங்க, அதுதான் கதை. அதைச் சொல்றதுக்கு அங்க இருந்தவன் நான் ஒருத்தன் இருக்கேன். பொறுமை இருந்தா உக்காந்து கேளுங்க, அவசரம்னா டீக்கடைக்காரர் சொல்றதையே நம்பிக்கிட்டுப் போங்க, எனக்கொண்ணும் கோவமில்லை.

எனக்குப் பேரு ஜமால். அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு பட்டறையில பனியனுக்குப் படம் அச்சடிக்கிற வேலை. எங்களுக்கு வந்ததுல பாதி வெளிநாட்டு ஆர்டருங்க. கறுப்புப் பனியன், அதுல மண்டையோடு, பாம்பு சுத்துன கத்தி, கொம்பு வெச்ச ஆடு, தீப்புடிச்ச ஊரு, கீழ முள்ளுவேலியாட்டம் எழுத்துல ஏதோ ஒரு பேரு. என்ன ஏதுன்னு தெரியாமயே வருசக்கணக்கா அடிச்சுத் தள்ளுனோம். கலர் தப்புனது, படம் கோணுனதெல்லாம் கழிவுல போகும், அதை நாங்களே எடுத்துப் போட்டுக்குவோம். அதனால கட்டிங் மேசையில இருந்து சாயப்பட்டறை வரைக்கும் பாதிப் பேரு மண்டையோட்டோடதான் வேலைக்குப் போனாங்க, மாரியம்மன் கோயிலுக்கும் அதே சட்டைதான். ஒரு நாள் மொதலாளி மகன் ரகுநந்தன், அப்பத்தான் காலேஜ் முடிச்சுட்டுக் கம்பெனியைப் பாக்க வந்த பையன், எங்க சட்டைகளைப் பாத்துட்டுச் சிரிச்சான். இதெல்லாம் பாட்டுக் கோஷ்டிங்க பேருண்ணா, மெட்டல்னு சொல்லுவாங்க, உங்க நெஞ்சு மேல இருக்கறது யாருன்னே தெரியாதான்னு கேட்டு, செல்போன்ல போட்டுக் காட்டுனான்.

மொதல்ல கேக்கறப்ப கம்ப்ரசர் வெடிச்சாப்பலதான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. பாடறவன் பாடலை, உறுமுனான். ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க, நாங்க விடிஞ்சதுல இருந்து பொழுது சாயற வரைக்கும் மிசின் சத்தத்துக்குள்ளயே நிக்கறவங்க. மத்த பாட்டெல்லாம் அந்தச் சத்தத்துல மாட்டிச் செத்துப்போகும், எது பல்லவி எது சரணம்னு தெரியாது. இது மட்டுந்தான் மிசினோட மல்லுக்கு நின்னுச்சு. எங்களுக்காக ஒருத்தன் மிசினைத் திட்டறான்னு தோணுச்சு. அப்பறம் விடுவோமா?

சாயப்பட்டறைப் பசங்க நாலு பேரு சேந்து 'எரிமேடு'ன்னு ஒரு கோஷ்டி ஆரம்பிச்சாங்க. தமிழ்லயே எழுதித் தமிழ்லயே உறுமுனாங்க. இந்தச் சத்தத்துக்கு யாரு எடம் குடுப்பாங்க? ஆடி மாசத்துல முகூர்த்தம் கெடையாதுங்களே, கல்யாண மண்டபமெல்லாம் சும்மாதானே கெடக்கும், அங்கதான் எங்க கச்சேரி. மணமேடையில டிரம்ஸு, 'நல்வரவு'ங்கற தெர்மாக்கோல் எழுத்துக்குக் கீழ கிட்டாரு. கேக்க வந்த கூட்டத்தைப் பாக்கோணுமே. ரகுநந்தன் இருந்தான், அவன் கம்பெனியில மூட்டை தூக்கறவரும் இருந்தாரு. பாலக்காட்டு நர்ஸு ஷைனி இருந்தா. ஒடிசாவுல இருந்து வந்து நிட்டிங் மிசின் ஓட்டற திகம்பர், நேபாளத்து வாச்மேன், கோயில்ல மேளம் அடிக்கிறவரு மகன், பேங்குல கையெழுத்துப் போடற அய்யருவூட்டுப் புள்ள. வெளிய வந்தா ஒருத்தர் தெருவுல இன்னொருத்தர் நடக்க மாட்டாங்க, ஒருத்தர் டம்ளர்ல இன்னொருத்தர் குடிக்க மாட்டாங்க. உள்ள வந்தா எல்லார் வேர்வையும் எல்லார் மேலயும் இருக்கும்.

அங்க சட்டதிட்டம்னு எழுதி வெச்சது ஒண்ணுமில்லை, ஆனா இருந்துச்சு. நடுவுல வட்டம் போட்டு ஓடி மோதுவோம், மோதறதுல எவனாச்சும் கீழ விழுந்தா பாட்டு என்ன உச்சத்துல இருந்தாலும் சுத்தி இருக்கறவங்க நின்னு மொதல்ல அவனைத் தூக்கி நிறுத்தோணும். செருப்போ கண்ணாடியோ கெடந்தா எடுத்தவன் அதைத் தலைக்கு மேல உசத்திப் புடிச்சுக்கிட்டே நிக்கோணும், தொலைச்சவன் கண்ணுல படற வரைக்கும் கையை எறக்கக் கூடாது. அப்பறம், ஒருத்தர் வந்து தோளைத் தட்டி 'தூக்கு'ன்னு கேட்டா, ஆணோ பொண்ணோ, ஒல்லியோ குண்டோ, தூக்கி மேல போடோணும். கைமேல கையா மாத்தி மாத்திக் கொண்டுபோய் மேடைகிட்டப் பூப்போல எறக்கி விடோணும். கேட்டவங்களுக்கு இல்லைன்னு சொல்லக் கூடாது, அது ஒண்ணுதான் எங்களுக்கு வேதம்.

சென்னியப்பன் ரகுநந்தன் கம்பெனியில செக்கிங் செக்சன்ல இருந்தவரு. பனியன்ல ஓட்டை எங்க இருக்குதுன்னு வெளக்கடியில விரிச்சு விரிச்சுப் பாக்கறது வேலை. நல்ல கனமான ஒடம்பு, பேச்சு கம்மி. கச்சேரிக்கு வந்தா செவுத்தோரமா நின்னு தலையை மட்டும் ஆட்டிக்கிட்டிருப்பாரு. அந்த வருசம் ஆடியில ஒரு ஞாயித்துக்கெழமை மத்தியானம் என் தோளைத் தட்டி, ஜமாலு, என்னையும் ஒருக்காத் தூக்கறீங்களான்னு, குடிக்கத் தண்ணி கேக்கறவராட்டம் கேட்டாரு. நனைஞ்ச துணி மூட்டையை மாடியேத்தற மாதிரி ஆளுங்க அவரு. ஆனா கேட்டுட்டாரே. பல்லைக் கடிச்சுக்கிட்டு அத்தனை பேரும் குனிஞ்சு தூக்குனோம், மேல போட்டோம், மொத வரிசை முக்கிக்கிட்டே தள்ளுச்சு, ரெண்டாவது வரிசை முனகிக்கிட்டே வாங்குச்சு, மூணாவது வரிசையில பாரமே தெரியலை. கெணத்துல குடம் தண்ணிக்குள்ள முங்குன ஒடனே கயிறு லேசாகுமே, அப்படி ஆயிருச்சு. கையை நீட்டிக்கிட்டே எல்லாரும் அண்ணாந்து பாத்தோம். மனுசன் எங்க விரலை விட்டு மெதுவா எந்திரிச்சு, சீரியல் பல்புக்கு மேல போய், மண்டபத்துக் கூரையில இருக்கற சிமெண்ட்டுப் பூவுல முதுகு ஒட்டி நின்னுட்டாரு.

யாரும் கத்தலீங்க. மண்டபத்து மேனேஜர் மட்டும் ஓடி வந்து ஃபேனை நிறுத்திட்டு, வெள்ளையடிச்சு ஒரு மாசங்கூட ஆகலை, அழுக்காயிரும், எறங்கச் சொல்லுங்கன்னு சத்தம் போட்டாரு. எரிமேடு பசங்க பாட்டைப் பாதியில நிறுத்தலை, பாதியில நிறுத்தறது வழக்கமில்லை. மேல இருந்தவரு அந்தப் பாட்டு முடியற வரைக்கும் கூரையில கெடந்தபடியே தலையை ஆட்டுனாரு. அவரு சிரிச்சு அன்னிக்குத்தான் பாத்தோம். அப்பறம் பூ அலங்காரத்துக்கு வெச்சிருந்த ஏணியைச் சாத்தி, திகம்பர் ஏறிக் காலைப் புடிச்சு எறக்குனான். ஆளுக்கொரு பக்கம் கையைப் புடிச்சுக்கிட்டு வெளிய கூட்டிவந்து, பைக்குல நடுவுல உக்கார வெச்சு, பின்னாடி நான் இடுப்பைக் கட்டிக்கிட்டு வீட்டுக்குக் கொண்டுபோனோம்.

கதவைத் தொறந்தது அவரு சம்சாரம் மரகதமணி. ஓவர்லாக் மிசின்ல பனியன் ஓரம் தைக்கிற பொம்பளை, வாய் கொஞ்சம் நீளம், ஒடம்பு ஈர்க்குச்சியாட்டம். நாங்க விசயத்தைச் சொன்னோம். நம்பாம எங்களைப் பாத்தா, அவரைப் பாத்தா, ஒரு சித்த நேரம் கையை விடுங்கன்னா. விட்டோம். நெலைவாசலுக்கு மேல போய்ட்டாரு. அவளே எக்கிக் கணுக்காலைப் புடிச்சு இழுத்துக்கிட்டு, "ஏனுங்க மாமா, போறப்ப நல்லாத்தானே போனீங்க?"ன்னு கேட்டா. அதுக்கப்பறம் எங்க பக்கம் திரும்பி வஞ்சா பாருங்க, பேய்க்குப் பொறந்த பாட்டு, பொழைக்கத் தெரியாத கூட்டம், கறுப்புச் சட்டை கருமாந்தரம்னு, தெருவே வேடிக்கை பாத்துச்சு. வஞ்சு முடிச்சுட்டு, எல்லாரும் சோறுண்டீங்களான்னு கேட்டா.

கட்டி வெச்சுப் பாத்தா. இடுப்புல கவுத்தைக் கட்டி ஆட்டுக்கல்லுல முடிச்சுப் போட்டா, ஆட்டுக்கல்லும் சேந்து எந்திரிச்சு நடுவூட்டுல ஆடுச்சு. கேஸ் சிலிண்டரும் அப்படித்தான். அவரோட எதைக் கட்டுனாலும் அதுக்கும் எடை போயிரும். உசுருள்ள ஒரு கை புடிச்சா மட்டும் நின்னாரு. கொழந்தை கை புடிச்சாலும் நின்னாரு, எலும்பும் தோலுமா இருந்த திகம்பர் ஒத்தை விரலைக் குடுத்தாலும் நின்னாரு. ஷைனி வேலை பாக்கற ஆஸ்பத்திரியில எடை மிசின் மேல நிறுத்திப் பாத்துட்டு, டாக்டர் சத்து டானிக் எழுதிக் குடுத்தாரு. அதோட வைத்தியம் முடிஞ்சுது.

அப்ப யாரு புடிக்கறது? அவளும் வேலைக்குப் போகோணும், அவரும் போகோணும். சொந்தபந்தம் வந்து எட்டிப் பாத்துட்டு, கெரகம் சரியில்லைன்னு சொல்லி விபூதி வெச்சுட்டுப் போயிட்டாங்க. தூக்குனது நாங்க, அதனால நாங்களே வந்தோம். விழுந்தவனைத் தூக்கி நிறுத்தறதுதானே எங்க பழக்கம், மேல போனவனைப் புடிச்சு நிறுத்தறதும் அந்தக் கணக்குதான்னு நெனச்சோம். காலையில நேபாளத்து வாச்மேன் டூட்டி முடிஞ்சு வந்து கையைப் புடிச்சுக்கிட்டுப் பஸ் ஏத்தி விடுவாரு. கம்பெனியில ரகுநந்தன் அவரு ஸ்டூலுக்குப் பக்கத்துல இன்னொரு ஸ்டூல் போட்டான், செக்கிங் செக்சன்ல யாராச்சும் ஒருத்தர் அவரு தோளைப் புடிச்சபடியே வேலை பாத்தாங்க, ஓட்டைப் பனியன் அப்பவும் அவரு கண்ணுக்குத் தப்பாது. மதியம் நான் போவேன். சாயங்காலம் ஷைனி, அவ வரலைன்னா அய்யருவூட்டுப் புள்ள. கை மாத்தறப்ப ஒரு வழக்கம் வெச்சிருந்தோம், வாங்கறவர் 'புடிச்சுட்டேன்'னு வாய்விட்டுச் சொன்னாத்தான் குடுக்கறவர் விடுவாரு. ஒரே ஒரு வார்த்தைதான், ஆனா தூக்கக் கலக்கத்துலகூட யாரும் அதை விட்டதில்லை.

அந்தத் தெருவைப் பத்தியும் சொல்லோணும். வெளி மாநிலத்து ஆளுக்கு வீடு இல்லைன்னு கேட்டுல எழுதித் தொங்க விட்ட தெருங்க அது. மரகதமணியே திகம்பரை மொத நாளு வாசல்ல நிறுத்தித்தான் தண்ணி குடுத்தா. அவன் கையில அவ புருசன் இருந்தாரு, என்ன பண்றது, உள்ள விட்டா. ஒரு மாசத்துல அவன் அடுப்படியில உக்காந்து களி உண்டான். ஆறு மாசத்துல அவ ஒடியாவுல அவனை வைவா, அவன் கொங்குத் தமிழ்ல பதில் சொல்லுவான். தெருவுல ஒருத்தன் வடக்கத்தியான் எதுக்கு வந்து போறான்னு கேட்டதுக்கு, உன்ற கையைக் குடு, அவனை அனுப்பிச்சர்றேன்னு சொல்லியிருக்கா. அப்பறம் கேப்பானா அவன்? ஒரு சாமியார் வந்தாரு, எங்க மடத்துக்கு அனுப்புங்க, பக்தர்கள் தரிசனம் பண்ணட்டும்னாரு. வெளக்குமாத்தை எடுத்துட்டா. ஊரு கொஞ்ச நாளு வேடிக்கை பாத்துச்சு, அப்பறம் ரேசன் கடை வரிசையில ரெண்டு பேரு கைகோத்து நின்னா ஓ, சென்னியப்பனான்னு வழி விட்டுட்டு அதுபாட்டுக்கு அது வேலையைப் பாத்துச்சு.

ராத்திரி புடிக்கறது மரகதமணிதான். அதை மட்டும் யாருக்கும் குடுக்கலை. ஷைனிகிட்ட ஒரு நாளு சொன்னாளாம், கல்யாணத்தன்னிக்குச் சடங்குக்குப் புடிச்ச கைதான், அப்பறம் இத்தனை வருசத்துல இந்த மனுசன் என் கையைத் தொட்டதே இல்லை, நானும் தொட்டதில்லை, ரெண்டு பேரும் செத்த பொணமாட்டம் வந்து படுப்போம், இப்ப விடிய விடியப் புடிச்சுக்கிட்டுத் தூங்கறேன், விட்டா போயிருவாருன்னு பயமாவும் இருக்குது, புடிச்சிருக்கறது சந்தோசமாவும் இருக்குதுன்னு. ஷைனி இதை எங்கிட்டச் சொன்னப்ப நான் மூஞ்சியை அக்கட்டாலத் திருப்பிக்கிட்டேன். நாங்க பண்ணுன காரியத்துல ஒரு நல்லதாச்சும் நடந்துச்சேன்னு இருந்துச்சு.

ஆனா சென்னியப்பனுக்கு ஒரு வெசனம் இருந்துச்சுங்க. எந்நேரமும் ஒருத்தர் கைக்குள்ள இருக்கறது லேசா? தனியா உக்காந்து அழக்கூட முடியாது. எடை போனதுல இருந்து அவரு கச்சேரிக்கு வந்ததும் இல்லை, மரகதமணி தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கியிருந்தா. ஒரு மதியம் நான் கையைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தப்ப சொன்னாரு: "நீங்கல்லாம் புடிச்சிருக்கறீங்க ஜமாலு, நல்லாத்தான் இருக்குது. ஆனா அன்னிக்கு ஒரு நிமிசம் தூக்குனீங்களே, அது வேற."

அவரு ஓயாம கேட்டாரு. ஒரே ஒருக்கா, கீழயே நின்னு கேட்டுட்டு வந்தர்றேன் மரகதம்னு. அந்தத் தை மாசம் எரிமேடு பசங்க காங்கயம் ரோட்டுல அறுப்பு முடிஞ்ச காட்டுல பெரிய கச்சேரி போட்டாங்க, கூரையில்லாத மொதக் கச்சேரி. கூரையில்லைன்ன ஒடனே அவ முடியவே முடியாதுன்னுட்டா. அவரு சாப்பாட்டை நிறுத்துனாரு. எடையே இல்லாத மனுசன் சாப்பாட்டை நிறுத்துனா என்னத்தைச் சொல்றது? கடைசியில எங்க எல்லாரையும் கூப்புட்டு நிறுத்தி, கூட்டிட்டுப் போறேன், ஆனா நானும் வருவேன், இவரு மணிக்கட்டு என் கையிலதான் இருக்கும், அதுக்கு மேல நீங்கல்லாம் புடிக்கோணும்னு சொன்னா. நாங்க ஆளாளுக்கு நெஞ்சைத் தட்டி நான் இருக்கேன்னு சொன்னோம். தட்டுனவன்ல நானும் ஒருத்தன்.

பொழுது எறங்கற நேரம். கொச்சியில இருந்து, ஓசூர்ல இருந்து, மெட்ராஸுல இருந்தெல்லாம் கறுப்புச் சட்டைங்க வந்திருந்துச்சு. எல்லாருக்கும் சென்னியப்பனைத் தெரிஞ்சிருந்துச்சு. எங்க பேச்சு எட்டற எடத்துக்கெல்லாம் அவரு பேரு எட்டியிருந்துச்சு. வந்தவங்க ஒவ்வொருத்தரும், அண்ணா, நானும் ஒருக்காப் புடிச்சுக்கறேன்னு கேட்டாங்க. கேட்டவங்களுக்கு இல்லைன்னு சொல்லாத கூட்டமாச்சே. ஒருத்தர் தோளைத் தொட்டாரு, ஒருத்தர் முழங்கையை, ஒருத்தர் சட்டை நுனியை, எத்தனை கைன்னே தெரியாத அளவுக்குக் கை. அத்தனை கைக்கு நடுவுல 'புடிச்சுட்டேன்'னு சொல்றதை யாரும் சொல்லலை. சொல்லோணும்னு தோணவே இல்லைங்க, அத்தனை பேரு இருக்கறப்ப எதுக்கு? தனித்தனியா வந்து புடிச்ச நாளெல்லாம் கெட்டியாப் புடிச்சோம், ஊரே கூடுன அன்னிக்குத்தான் கை தளந்து போச்சு.

மரகதமணி மொதல்ல காதுல பஞ்சை வெச்சுக்கிட்டுத்தான் நின்னா. மூணாவது பாட்டுல எவனோ வந்து மோதி, புருசன் கையைப் புடிச்சபடியே கீழ விழுந்தா. விழுந்த ஒடனே முன்னப்பின்னத் தெரியாத ஆறேழு பேரு மோதறதை நிறுத்திட்டு அவளைத் தூக்கி நிறுத்தி, மண்ணைத் தட்டி விட்டு, அடி பட்டுச்சாக்கான்னு கேட்டாங்க. அவ செருப்பு ஒண்ணு காணாமப் போச்சு. பாத்தா அந்தக் கடைசியில ஒருத்தன் அதைத் தலைக்கு மேல உசத்திப் புடிச்சுக்கிட்டு நின்னான், கைமாறிக் கைமாறி அது அவ காலுக்கே வந்துச்சு. அவ சிரிச்சா. இத்தனை வருசமா இதைத்தான் மாமா கேக்க வந்தீங்களான்னு அவரு காதுல கேட்டா, அவரு ஆமான்னாரு. காதுல இருந்த பஞ்சை எடுத்து வீசுனா. அவ தலை ஆடுனதை நான் பாத்தேன், எங்க எல்லாருக்கும் பெருமை புடிபடலை.

கடைசிப் பாட்டு எரிமேட்டோட பெரிய பாட்டு. நடுவுல ஒரு எடத்துல எல்லா வாத்தியமும் சட்டுனு நின்னுரும், மூச்சு விடற நேரத்துக்கு ஒரு சத்தமும் இருக்காது, அப்பறம் டிரம்ஸு ஒரே அடியா எறங்கும், அப்ப அங்க இருக்கற அத்தனை பேரும் ரெண்டு கையையும் வானத்துக்குத் தூக்குவோம். யாரும் சொல்லி வராது அது. கோயில்ல தீபாராதனை காட்டறப்ப கையைத் தூக்குன்னு யாராச்சும் சொல்றாங்களா? வாத்தியம் நின்னுச்சு. காடே அமைதியாச்சு. டிரம்ஸு எறங்குச்சு. நான் தூக்குனேன், திகம்பர் தூக்குனான், ஷைனி தூக்குனா, கொச்சிக்காரங்க, ஓசூர்க்காரங்க, சட்டை நுனியைப் புடிச்சிருந்தவங்க அத்தனை பேரும் தூக்குனாங்க, ஒவ்வொருத்தரும் மத்தவங்க புடிச்சிருக்காங்கன்னு நெனச்சுத் தூக்குனோம். மரகதமணியும் தூக்குனா. அன்னிக்குத்தான் அவ எங்கள்ல ஒருத்தி ஆனா. அந்த நிமிசத்துலதான் ஆனா.

சென்னியப்பனும் தன் ரெண்டு கையையும் தூக்கியிருந்தாரு. அப்படியே போனாரு. நாங்க அண்ணாந்து பாக்கறப்ப கைக்கு எட்டாத ஒசரம், எட்டிக் குதிச்சாலும் ஆகாத ஒசரம். பாட்டு ஓடிக்கிட்டே இருந்துச்சு, அவரு கீழ எங்களைப் பாத்தாரு, முகத்துல பயம் இருந்துச்சா சிரிப்பு இருந்துச்சான்னு ஆளுக்கொண்ணு சொல்றாங்க, எனக்கு இருட்டுக்கட்டுல தெரியலை. மேல இருந்து ஒத்தைச் செருப்பு விழுந்துச்சு. ஒரு ஓசூர்ப் பையன் அதை எடுத்து, அவனுக்கு என்ன தெரியும், வழக்கப்படி தலைக்கு மேல உசத்திப் புடிச்சுக்கிட்டு நின்னான். அவரு ஒரு புள்ளியா ஆகி, புள்ளியும் இல்லாமப் போன பொறவும் அவன் கையை எறக்கலை.

பைக்குகளை எடுத்துக்கிட்டுப் பல்லடம் பக்கம் கரண்டு எடுக்கற காத்தாடிக் காடு வரைக்கும் தேடுனோம். தாராபுரம், உடுமலைன்னு தெரிஞ்சவங்களுக்கெல்லாம் போன் போட்டு மேல பாருங்க, மேல பாருங்கன்னோம். காத்தாடி ரெக்கையில எதுவும் மாட்டலை, பனைமரத்துல எதுவும் தங்கலை. அந்த வாரம் பூராவும் திருப்பூர்ல பாதிப் பேரு அண்ணாந்தே நடந்து கழுத்து வலின்னு ஷைனிகிட்ட மாத்திரை வாங்குனாங்க. மரகதமணி வீட்டுக்குப் போனோம். அவ வைவான்னு நெனச்சுப் போனோம், வஞ்சா தேவலைன்னுகூட நெனச்சோம். அவ கையை மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருந்தா. ரகுநந்தன் அழுதுக்கிட்டே மன்னிப்புக் கேட்டான். "நானுந்தானே தம்பி தூக்குனேன்"னு சொன்னா. எனக்கு அந்த மாதிரி அடி எவனும் அடிச்சதில்லைங்க.

இப்ப எங்க கச்சேரிக்கு வந்து பாத்தீங்கன்னா, அந்தப் பாட்டு வர்றப்ப எவனும் ரெண்டு கையைத் தூக்க மாட்டான். ஒரு கை மேல போகும், இன்னொரு கை பக்கத்துல நிக்கறவன் மணிக்கட்டைப் புடிச்சிருக்கும், புடிச்சுட்டேன் புடிச்சுட்டேன்னு காடு பூராவும் கேக்கும். வெளியூர்ப் பசங்க அதை ஒரு ஸ்டைலுன்னு நெனச்சு செல்போன்ல எடுக்கறாங்க. எடுத்துக்கட்டும். கெட்ட பொறவு வந்த புத்தியை வேற என்ன பண்றது?

அடுத்த ஆடியில மண்டபத்துக் கச்சேரிக்கு மரகதமணி வந்தா. சேலைக்கு மேல அவரோட கறுப்புப் பனியனைப் போட்டிருந்தா, முழங்கால் வரைக்கும் தொங்குச்சு. நேரா எங்கிட்ட வந்து தோளைத் தட்டி, "என்னையும் தூக்குங்கண்ணா"ன்னா. எதுக்குக் கேக்கறான்னு எங்களுக்குத் தெரியாதா? ரகுநந்தன் வேண்டாங்கக்கான்னான். ஷைனி கையைப் புடிச்சு இழுத்தா. அவ நகரலை. கேட்டவங்களுக்கு இல்லைன்னு சொல்லாத கூட்டம்னு பேரு வாங்கிட்டமே, திகம்பர்தான் மொதல்ல குனிஞ்சான். தூக்குனோம். மேல கெடந்துக்கிட்டு அவ கண்ணை மூடிக்கிட்டா. மொத வரிசை, ரெண்டாவது வரிசை, மூணாவது வரிசை. அந்த மூணாவது வரிசைகிட்ட எங்க யாருக்கும் மூச்சு வரலை. ஆனா அவ எடை அவகிட்டயே இருந்துச்சு. மேடைகிட்டக் கொண்டுபோய் எறக்குனோம். கண்ணைத் தொறந்து காலைப் பாத்தா, கால் தரையில இருந்துச்சு. சரி, அடுத்த தடவை பாக்கலாம்னு சொல்லிட்டுப் போயிட்டா.

அதுல இருந்து ஒவ்வொரு கச்சேரிக்கும் வர்றா, கூரை இருந்தாலும் வர்றா, இல்லாட்டியும் வர்றா, ஒவ்வொரு தடவையும் கேக்கறா, ஒவ்வொரு தடவையும் தூக்கறோம். தூக்கறப்ப ஒவ்வொருத்தனும் உள்ளுக்குள்ள அவனவன் சாமியைக் கும்புடறான், நானும் அல்லாகிட்டக் கேக்கறேன், இவ எடையை எடுத்துராதேன்னு. அவ என்ன வேண்டி மேல ஏறுறாளோ அதுக்கு நேர் எதிரா கீழ இருந்து நாங்க வேண்டறோம். போன மாசம் என் கைக்கு மேல வந்தப்ப அவ நகரலை, நான்தான் நகத்தலை போலிருக்குது. பாட்டு ஒரு பக்கம் உறுமிக்கிட்டிருக்குது, அவ கண்ணைத் தொறந்து கீழ என்னைப் பாத்தா.

"நீங்க தூக்கலீங்கண்ணா, புடிச்சு இழுக்கறீங்க. ஒவ்வொரு கையும் இழுக்குது, எனக்குத் தெரியுது."

நான் அவ கண்ணைப் பாக்காம மேடையைப் பாத்தேன்.

"இதே புடி அன்னிக்குப் புடிச்சிருந்தாப் போதுமேண்ணா"ன்னா.

அடுத்த வரிசையில திகம்பர் கையை நீட்டிக்கிட்டு நின்னான். நான் அவளைக் குடுத்தேன். புடிச்சுட்டேன்னு அவன் சொன்னதுக்கப்பறமும் என் கை விடலை, அவனே என் விரலை ஒவ்வொண்ணா எடுத்து விட்டுட்டு அவளை வாங்கிக்கிட்டான்.